குழாயடிக்கு வந்த கைதட்டல்

கைதட்டல் முதலில் வந்தது சம்பூர்ணாவுக்குத்தான் என்பதில் ஓடைப்பாளையத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. பொங்கல் கழிந்த வாரம், வெயில் இன்னும் சூடேறாத காலையில், மூன்றாவது தெருக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு, நிரம்புகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று ஒற்றைக்காலில் நின்றபடி அவள் கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தபோது, அவள் தலைக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே, யாருமே இல்லாத காற்றில், கல்யாண மண்டபம் நிறைய ஜனங்கள் உட்கார்ந்து தட்டினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கைதட்டல் எழுந்து, தகரக் கூரைமேல் மழை இறங்கியதுபோல் பெருகி, குடம் நிரம்பி வழிந்து வாய்க்காலில் ஓடுகிற வரைக்கும் நிற்காமல் கேட்டது.

வரிசையில் நின்ற பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"என்ன சத்தமுங்கக்கா அது?" என்றாள் ஒருத்தி.

"கை தட்டறாங்க."

"ஆரு?"

"ஆரோ. அதுக்குன்னு தண்ணிய வழிய உடுவியா? கொடத்த எடு அம்மிணி, அடுத்த ஆளு புடிக்கட்டும்."

சம்பூர்ணா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். கைதட்டல் தெருமுனை வரைக்கும் கூடவே வந்தது. பிறகு கூட்டம் களைத்துப்போய் நிறுத்துமே, அதுபோல இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓய்ந்து நின்றது. எதற்காக என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வீட்டுக்குள் போய்க் குடத்தை இறக்கி வைத்ததும் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

ஓடைப்பாளையம் தறி ஓடுகிற ஊர். ஒவ்வொரு தெருவிலும் பட்டறை, ஒவ்வொரு பட்டறையிலும் பொழுது விடிந்து பொழுது அடைகிற வரைக்கும் தடதடவென்று தறி. இங்கே பிறந்த குழந்தை தாலாட்டை விட்டுவிட்டுத் தறிச் சத்தத்தில்தான் தூங்கும்; கரண்ட் போனால் விழித்துக்கொண்டு அழும். அந்த ஊரில் எத்தனையோ வருஷமாக இருக்கிற சங்கம் புதுவெள்ளம் இளைஞர் நற்பணி மன்றம். அதன் தலைவர் நல்லசிவம், மகளுக்குக் கல்யாணம் முடித்து மீசைக்கு மை அடிக்கிற வயதிலும் இளைஞராகவே நீடித்து வருகிறவர். அவர் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்ததால் மன்றத்தின் எல்லா பேனரிலும் அவர் முகம் பெரிதாகவும், நிகழ்ச்சியின் பெயர் சிறிதாகவும் இருக்கும். மற்ற வேலை எல்லாம், அதாவது மைதானத்தில் முள் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி வாங்குவது, ஓடுகிற பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் குளுக்கோஸும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாம், செயலாளர் துளசிமணியின் தலையில். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். யாருக்கு எந்த எழுத்து வரைக்கும் தெரியும் என்று சொல்லிவிடுவாள்.

அந்தப் பொங்கல் விளையாட்டு விழாவில் பெண்களுக்கான நீண்ட தூர ஓட்டத்தில் சம்பூர்ணா ஜெயித்தாள். மாரியம்மன் கோயிலில் புறப்பட்டு வாய்க்கால் பாலத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அவள் திரும்பி வந்து, முகம் கழுவி, வாழைப்பழத்தை உரித்துத் தின்று முடித்த பிறகுதான் இரண்டாவது வந்தவள் தெருமுனையில் தெரிந்தாள். ஆனால் சாயங்காலம் பரிசளிப்பு விழாவில் முதலில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, பிறகு நாற்காலி கொடுத்தவருக்குப் பொன்னாடை, மைக் கொடுத்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடை கொடுத்தவருக்கும் ஒரு பொன்னாடை. அதற்கு மேல் நல்லசிவம் பேசினார். பேசி முடித்து, கடைசிப் பரிசாகச் சம்பூர்ணாவின் கையில் கோப்பையைத் திணித்தபோது ஜனங்கள் எல்லாம் பிரியாணிப் பந்திக்குப் போயிருந்தார்கள். மைக்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். துளசிமணி இரண்டு கைகளிலும் பொன்னாடைப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு மேடைக்குப் பின்னால் படியிறங்கிக்கொண்டிருந்தாள். தலைவர் போட்டோவுக்காகத் திரும்பிச் சிரித்தார். போட்டோ எடுக்கிறவரும் பந்தியில் இருந்தார்.

ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

தூரத்தில், வேப்பமரத்தடியில் நின்ற மாரப்பன் மட்டும் இதைக் கவனித்தான். அவன் சம்பூர்ணாவின் அப்பா. முப்பது வருஷமாகத் தறிக்கு நடுவில் நின்று நின்று அவன் காது முக்கால்வாசி போய்விட்டது. உதட்டசைவை வைத்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வான். கூட்டத்தின் சந்தோஷத்தைக் கைகளை வைத்துத்தான் கண்டுபிடிப்பான். அன்றைக்கு அவன் கூட்டம் முழுக்கக் கைகளைத் தேடினான். நாற்காலியை அடுக்குகிற கைகள் இருந்தன, இலை போடுகிற கைகள் இருந்தன. வீட்டுக்கு வந்தவன் கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னான்:

"கண்ணு, நீ ஓடுனத நா பாத்தேன். குதரையாட்டம் ஓடுன. ஆனா ஓடி என்னத்தக் கண்ட? ஒருத்தன் திரும்பிப் பாத்தானா? பரிச்ச முடிஞ்சதும் பட்டறைல நூல் தார் சுத்தற வேலைக்கு வந்துரு. நாம செய்யற வேலைக்கு ஆரும் கை தட்ட வேண்டியதில்ல பாரு."

திட்டியிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவன் அவ்வளவு பிரியமாகச் சொன்னதால் கோப்பையை வாங்கிக் கொண்டுபோய்ப் பரண்மேல் வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோதான் குழாயடியில் கைதட்டல் வந்தது.

சம்பூர்ணாவோடு அது நிற்கவில்லை. கசாப்புக் கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்த ஒருவருக்கு வந்தது; அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்து, சிறுவயதில் வாய்க்கால் வெள்ளத்தில் இறங்கி யாரோ ஒரு பெண்பிள்ளையை இழுத்துப் போட்டதையும், வீட்டில் அடி விழும் என்று பயந்து அதைச் சொல்லாமலே விட்டதையும் நினைவுக்குக் கொண்டுவந்தார். நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட சத்துணவு ஆயாவுக்கு, சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போதே வந்தது. அவள் பயந்து பிரேக் பிடித்து விழுந்தாள், விழுந்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தது. குடியை விட்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருந்த ஒரு லாரி டிரைவருக்கு, சலூனில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தபோது வந்தது. ஒரு தடவை மைதானத்து மூலையில் நிற்கிற புங்கமரத்துக்கே வந்துவிட்டது. மன்றத்தார் நட்டுவைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்துபோன மரக்கன்றுகளில் தானாகப் பிழைத்தது அது ஒன்றுதான்.

காரணம் என்ன என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நேரத்துக்குத் தட்டாமல் விட்ட கைதட்டலெல்லாம் எங்கேயோ தேங்கி நின்று இப்போது உடைத்துக்கொண்டு வருகிறது என்று சிலர், தறிச் சத்தத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது அவிழ்ந்துவிட்டது என்று சிலர். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு நடைமுறைதான் தேவைப்பட்டது. யாருக்காவது கைதட்டல் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு அது ஓய்கிற வரைக்கும் நிற்க வேண்டும் என்றும், ஓய்ந்ததும் "எதுக்குங்க?" என்று கேட்க வேண்டும் என்றும், கேட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றும் யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலே வழக்கமாகிவிட்டது. தொழுகை நேரத்தில் வந்தால் மட்டும் முடிந்த பிறகு கேட்பார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு, பத்து வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் முதல் தடவையாக ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. ஊரில் கை தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வர வேண்டியவருக்கு அதுவாக வரும்போது நாம் எதற்குக் கையை வலிக்கச் செய்துகொள்வது? பள்ளிக்கூட ஆண்டு விழாவில் குழந்தைகள் ஆடி முடித்து மூச்சு வாங்க நின்றார்கள். பெற்றோரெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள்.

நல்லசிவத்துக்கு வரவேயில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் குளித்து வெள்ளை வேட்டி கட்டி, மன்றத்து வாசலில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்தார். வரவில்லை என்றதும் சாக்கடை தூர்வாரினார். ரத்த தானம் செய்தார். படுக்கையில் கையை நீட்டிக்கொண்டே காதைக் கூர்மையாக்கினார். நர்சுக்கு வந்தது.

"என்ன அம்மிணி இது," என்றார் துளசிமணியிடம், மனம் உடைந்து. "இத்தன வருசம் மன்றத்த கட்டிக் காத்துருக்கேன். ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டாச்சும் வரக்கூடாதுங்களா?"

"வருமுங்கண்ணா," என்றாள் துளசிமணி. அவளுக்கும் வந்திருக்கவில்லை. ஆனால் அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை. சேலத்தில் மண்டல அளவில் ஓட்டப்பந்தயத் தேர்வு நடக்கப் போகிறது, அதில் முதலில் வருகிறவர்களைப் பயிற்சி முகாமுக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்து, சம்பூர்ணாவின் பெயரைக் கொடுத்துவிட்டு, மாரப்பனின் சம்மதம் கேட்கப் பட்டறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்குள் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. மாரப்பன் அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே அவள் உதட்டைப் பார்த்தான். அவள் சத்தமே போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசினாள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தப் பேச்சு தெரியும்.

"மாமா, சம்பூர்ணாவ சேலம் அனுப்போணுங்க."

"எதுக்கு?"

"ஓடறதுக்கு. ஊரே அவளுக்குக் கைதட்டல் வந்ததப் பேசுதுங்க. மொதல்ல அவளுக்குத்தான வந்துச்சு."

மாரப்பன் சிரித்தான். "அம்மிணி, எல்லாரும் சொல்றீங்க. ஊட்டுல அவளும் சொன்னா. எனக்குக் கேக்கலியே! கேக்காதத நா எப்படி நம்புவேன்? அன்னிக்கு மேடைல கண்ணால பாத்தேன், அதத்தான் நம்பறேன். நீயும் அங்கதான இருந்த. உங் கை எங்க இருந்துச்சு?"

துளசிமணிக்கு முகம் சிவந்துவிட்டது. பொன்னாடைப் பெட்டிகளின் கனம் மறுபடி கையில் ஏறியதுபோல இருந்தது.

"இன்னொருக்கா ஓட வெக்கறேன் மாமா," என்று வாயசைத்தாள். "தறி லீவு விடற ஞாயித்துக்கெழம. இந்தப் பட்டறை வாசல் வழியா. நீங்க நின்னு பாருங்க. அப்பவும் உங்களுக்கு மனசாகலைன்னா நா கேக்கவே மாட்டேன்."

"செரி," என்றான் மாரப்பன். "பாக்கறதுக்கென்ன."

துளசிமணி வீடு வீடாகப் போனாள். பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிறப்பு விருந்தினர் வேண்டாம், மேடை வேண்டாம். "வந்து நின்னாப் போதுமுங்க" என்றாள். நல்லசிவம் மட்டும், மைக் இல்லாமல் விழாவா என்று பெரிய சண்டை பிடித்து ஒரு கைமைக்கை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் முழுக்க வந்து தெருவின் இரண்டு பக்கமும் நின்றது. தறி ஓடாததால் தெருவில் காக்காய் நடப்பதுகூடக் கேட்கிற அமைதி. மாரப்பன் பட்டறை வாசற்படியில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். சம்பூர்ணாவோடு இன்னும் பத்துப் பதினைந்து பெண்கள் ஓடினார்கள். ஆனால் வாய்க்கால் பாலத்திலிருந்து திரும்பித் தெருவுக்குள் நுழையும்போது அவள் மட்டும் தனியாக வந்தாள், செருப்பில்லாத கால், பின்னல் முதுகில் அடித்து அடித்து எழ, மண்ணைத் தொடுவதே தெரியாமல். பட்டறைக்குப் பக்கத்தில் வந்தபோது, எல்லாரும் எதிர்பார்த்தபடி, அது வந்தது. குழாயடியில் வந்ததைவிடப் பெரிதாக, கோடை மழைபோல, தெருவின் மேலே காற்று முழுக்கக் கைதட்டல்.

ஊர் அண்ணாந்து பார்த்தது. வழக்கப்படி அசையாமல் நின்றது, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, கொஞ்சம் வாயைத் திறந்துகொண்டு.

மாரப்பன் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் பார்த்தான். அத்தனை ஜனமும் அவன் மகளைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கைகூட அசையவில்லை. அவன் முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில், தனக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"இன்னிக்கும் ஒருத்தனும் தட்டலியே."

அதைக் கேட்டதும் துளசிமணி தட்ட நினைத்தாள். ஆனால் கூட்டத்தின் கடைசியில், ஓடி வருகிற பெண்களுக்குக் கொடுக்கக் கையில் வாழைத்தாரோடு நின்றாள். அதை அவள் கீழே போடுவதற்குள், மாரப்பனுக்கு நேர் எதிரில் நின்ற நல்லசிவம் செய்த காரியத்தை ஊர் இன்றைக்கும் பேசுகிறது. அவர் மைக்கைத் தரையில் வைத்தார். அது கீச்சென்று கத்தியது. தன் இரண்டு கைகளையும், அவை எதற்கு இருக்கின்றன என்று இப்போதுதான் தெரிந்ததுபோல ஒரு தரம் பார்த்துவிட்டு, தட்டினார். ஆயுசு முழுக்க மேடையின் அந்தப் பக்கத்திலேயே நின்ற மனிதருக்குத் தட்டத் தெரியவில்லை. கொசு அடிப்பவர்போல ஒன்றோடொன்று சரியாகப் படாமல் தட்டினார். பிறகு சரியாகத் தட்டினார். கசாப்புக் கடைக்காரர் தட்டினார். சத்துணவு ஆயா தட்டினாள். வாழைத்தார் தரையில் கிடந்தது. தெருவின் இரண்டு பக்கமும் கைகள் எழுந்தன, தறி ஓடும்போது பாவு நூல்கள் எழுந்து தாழுமே, அப்படி வரிசை வரிசையாக எழுந்து விரிந்து சேர்ந்து விரிந்து, மாரப்பன் பார்க்கிற பக்கமெல்லாம் கைகளாக இருந்தன. மேலே காற்றில் வந்தது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

மாரப்பன் படியிலிருந்து இறங்கினான். "இத்தன பேருமா?" என்று கேட்டான், யாரிடம் என்று இல்லாமல். பிறகு, முடிவுக் கோட்டைத் தாண்டி முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மகளிடம் போய்த் தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தான். ஓடியவள் வியர்த்திருந்தாள், நின்றவன் அவளைவிட அதிகமாக வியர்த்திருந்தான்.

"சேலத்துக்கு நானும் வருவேன்," என்று துளசிமணியிடம் திரும்பிச் சொன்னான். "தனியா அனுப்ப மாட்டேன், ஆமா."

அதற்குப் பிறகு காற்றில் கைதட்டல் வந்ததா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஊரில் அவ்வளவு பேர் கையால் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முட்டுச் சந்தில் லாரியைப் பின்னால் எடுத்தாலும் தட்டு, தோசையைக் கிழியாமல் திருப்பினாலும் தட்டு. இதற்கு நடுவில் எது எங்கிருந்து வருகிறது என்று யார் பிரித்துப் பார்ப்பது? நல்லசிவம் சிவந்துபோன தன் உள்ளங்கைகளை டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினார். தனக்கு வரவில்லையே என்ற பேச்சை அவர் மறந்தேபோனார். துளசிமணிக்கு அவர் தலைமையில் ஒரு பாராட்டு விழா நடந்தது. அவள் பேசச் சொன்னதற்கு, "அடுத்த வருசத்துக்கு முள்ளு வெட்ட ஆள் வேணுமுங்க" என்று மட்டும் சொன்னாள். கை தூக்கியவர்களை எண்ண முடியவில்லை.

சேலத்தில் சம்பூர்ணா மூன்றாவதாக வந்தாள். மூன்று பேரை எடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளும் பக்கத்தில் மாரப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். சங்ககிரி தாண்டியதும் அவன் கேட்டான்:

"கண்ணு, ஓடறப்ப மனசுக்குள்ள என்ன நெனப்ப?"

இதுவரை அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவள் வெளியே பார்த்து யோசித்தாள். அப்பா பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்:

"பசிக்கும்ப்பா."

"எப்ப இருந்து?"

"ஓட ஆரம்பிச்சதுல இருந்தே."

மாரப்பன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "இதச் சொல்றதுக்கு இத்தன நாளா!" என்று கத்திக்கொண்டே எழுந்து விசிலடித்து, வழியில் இருந்த ஒரு புரோட்டாக் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். பஸ் கிளம்பிப் போய்விட்டது. கல்லில் புரோட்டா வெந்து வெந்து வர, இருவரும் அவசரமே இல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஓடைப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இது யாருக்கும் தெரியாது. மன்றம் முழுக்க மாலையோடு நின்றது, பாதி ஊரும் கூட நின்றது. பஸ் வந்து நின்றதும் நல்லசிவம் கையைத் தூக்கினார், அத்தனை பேரும் தட்ட ஆரம்பித்தார்கள். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கூடைக்காரி இறங்கினாள், காலேஜ் பையன்கள் இறங்கினார்கள், கண்டக்டர் இறங்கினார். சம்பூர்ணாவும் இல்லை, மாரப்பனும் இல்லை. ஆனால் தட்ட ஆரம்பித்த கைகளை எப்படிப் பாதியில் நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக டிரைவர் இறங்கினார். அந்தத் தடத்தில் வருஷக்கணக்காக வண்டி ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஊரைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருக்கிற மனிதர். எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, தலையைக் கோதிவிட்டுக்கொண்டு, மெதுவாக முன்னால் வந்து இரண்டு கைகளையும் குவித்தார்.